122-ஆம் இடம்

நஞ்சு உடம்பு முழுவதையும் தாக்குவதில்லை. நாகத்தின் நரம்பு நஞ்சானாலும் எருக்கம்பாலின் நஞ்சானாலும் அது தேடிப் போவது ஓர் இடத்தைத்தான். உயிரணுக்களில் உள்ள ஆயிரக்கணக்கான புரதங்களில் ஏதோ ஒன்று, அதன் மடிப்புகளுக்கு நடுவே தன் உருவத்துக்குப் பொருந்துகிற ஒரு குழி. அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாந்தி, மயக்கம், இதயத் துடிப்பின் தடுமாற்றம், மூச்சடைப்பு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. ஆகவே ஒரு பிராணி நஞ்சைத் தாங்கிக்கொள்கிறது என்றால், எப்படி என்ற கேள்விக்கு விடை பல சமயம் அந்தக் குழியின் ஓரத்திலேயே கிடக்கிறது. கீரிக்கு விஷம் ஏறாது என்று சொல்லும்போது அதன் ரத்தத்தில் ஏதோ வீரியம் ஓடுவதாக நினைத்துக்கொள்கிறோம். வீரியம் அல்ல அது. மிகச் சிறிய ஒரு திருத்தம். அந்தத் திருத்தத்துக்கு ஒரு விலையும் உண்டு. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அந்த விலையைப் பற்றித்தான். நஞ்சையும் எதிர்ப்பையும் பற்றி நம்மிடையே புழங்கும் பேச்சில் போரும் வெற்றியும் நிறைய வருகின்றன. விலை வருவதே இல்லை.

விலங்குகளின் உயிரணுச் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு பம்பு இருக்கிறது. சோடியம்-பொட்டாசியம் பம்பு என்று பெயர். ஒரு சுற்றில் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குக் கூலியாக, ஆற்றலைத் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகும். வேலை இவ்வளவுதான். ஆனால் சவ்வின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே அது உண்டாக்கி வைக்கும் வித்தியாசத்தை நம்பித்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது, இதயம் துடிக்கிறது, சிறுநீரகம் உப்பைப் பிரிக்கிறது. சும்மா படுத்திருக்கும் மனிதர் ஒருவரின் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போய்விடுகிறது. 1957-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் யென்ஸ் ஸ்கோ என்பவர் நண்டுகளின் கால் நரம்புகளை அரைத்து எடுத்த சாற்றில் இதன் செயலைக் கண்டார். தான் கண்டது அந்தப் பம்புதானா என்று பின்னர் உறுதிசெய்துகொள்ள அவருக்கு உதவியது ஒரு செடி நஞ்சு: ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவிய வாபெயின். நாற்பது ஆண்டு கழித்து, 1997-இல், வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.

இந்தப் பம்பின் முக்கியமான பகுதி ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. பூச்சியிலும் ஆட்டிலும் மனிதரிலும் இந்தச் சங்கிலியின் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இதில் மாறுதல் வராமலா இருந்திருக்கும்? வந்திருக்கும். மாறியவை பிழைக்கவில்லை. பம்பு கொஞ்சம் கெட்டாலும் நரம்பு கெட்டுவிடும், நரம்பு கெட்டபின் மற்றவை எதற்கு? இதனாலேயே நஞ்சு தயாரிக்கும் உயிர்களுக்கு இது நல்ல குறியாகிவிட்டது. எல்லாருக்கும் தேவையானது, யாராலும் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாதது. இதை நிறுத்துகிற ஒரு பொருளைச் செய்துவிட்டால் புழுவிலிருந்து மாடு வரை எதுவும் வாய் வைக்காது. எருக்கு அதைச் செய்திருக்கிறது. அரளி செய்திருக்கிறது, மஞ்சள் அரளி செய்திருக்கிறது, ஐரோப்பாவில் டிஜிட்டாலிஸ் செய்திருக்கிறது. செடியே அல்லாத தேரை தன் தோல் சுரப்பியில் இதே குடும்பத்து நஞ்சை வைத்திருக்கிறது. வெவ்வேறு வம்சங்கள், ஒரே குறி.

இந்த நஞ்சுகள் எல்லாம் ஸ்டீராய்டு எலும்புக்கூடு ஒன்றின் முனையில் ஒரு வளையம் ஒட்டியதுபோன்ற அமைப்பு உடையவை. செடிகளில் உள்ளவற்றைப் பெரும்பாலும் கார்டெனோலைடு என்பார்கள். மூலக்கூறு சவ்வின் வெளிப்புறத்திலிருந்து பம்பின் இடுக்குக்குள் நுழைகிறது. வாசலில் குறுக்காக மாட்டிக்கொண்ட கட்டிலைப் போல உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நிற்கிறது. பம்பு பாதிச் சுற்றில் உறைந்துவிடுகிறது. உயிரணுவுக்குள் சோடியம் ஏறுகிறது, அதைத் தொடர்ந்து கால்சியம் ஏறுகிறது, இதயத் தசை முன்னைவிட இறுக்கிச் சுருங்குகிறது. அளவு சரியாக இருந்தால் நலிந்த இதயத்துக்கு இது மருந்து. வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785-இல் டிஜிட்டாலிஸைப் பற்றி எழுதிய நூலிலிருந்து இன்றைய டிகாக்ஸின் மாத்திரை வரை ஒரே தொடர்ச்சிதான். அளவு கொஞ்சம் மீறினால் துடிப்பு தாறுமாறாகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கிலும் மஞ்சள் அரளி கொண்டுபோன உயிர்களை நினைக்கும்போது, அந்தச் செடியின் பூவைப் பூஜைக்குப் பறிக்கும் கைகளுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதப் பம்பு அந்த நஞ்சைத் தாங்காது. நாம் அந்தத் திருத்தம் இல்லாத பிராணிகள்.

திருத்தம் உள்ள பிராணியைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். ரயில் பாதையோரம், இடிந்த மதில், வீடு கட்டாமல் கிடக்கும் மனை என்று எருக்கு இல்லாத ஊர் இல்லை. தடித்த இலை, அடிப்புறத்தில் சாம்பல் பூசினாற்போல் வெண்மை. கிள்ளினால் பால் கொட்டும். மழைக்குப் பிந்தைய நாட்களில் இலைகளைப் புரட்டிப் பார்த்தால் வெளிறிய முட்டை ஒன்று தனியாக ஒட்டியிருக்கும். அதிலிருந்து வரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்னும், பிறகு இலைக்குப் போகும். வளர்ந்த புழுவின் உடம்பில் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வளையங்கள், நடுநடுவே மஞ்சள் பொட்டுகள், முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். கொம்பு என்றாலும் குத்தாது, மெத்தென்று ஆடும். எந்நேரமும் தின்றுகொண்டே இருக்கும். இலையின் மேற்புறத்தில், நல்ல வெளிச்சத்தில், எவர் பார்த்தால் என்ன என்பதுபோல் கிடக்கும். ஒளிய வேண்டிய தேவை அதற்கு இல்லை. அதிலிருந்து வரும் பட்டாம்பூச்சி வெந்தய வரியன். செம்மஞ்சள் இறக்கை, கறுப்பு ஓரம், முன்னிறக்கை நுனியில் வெள்ளைப் பட்டை. மெதுவாகப் பறக்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை நெருங்காது.

அமெரிக்காவில் இதன் நெருங்கிய உறவு மோனார்க். எருக்கின் உறவான மில்க்வீட் செடிகளைத் தின்று வளர்வது. லிங்கன் பிரோவர் 1960-களில் மோனார்க்கைத் தின்ற நீல ஜே பறவைகள் வாந்தி எடுப்பதைக் காட்டினார். 1968-இல் தாடியஸ் ரைக்ஸ்டைன், மிரியம் ராத்ஸ்சைல்ட் முதலானோர் அந்தப் பட்டாம்பூச்சியின் உடலில் இதய நஞ்சுகள் இருப்பதை வேதியியல் முறையில் உறுதிசெய்தார்கள். புழு செடியிலிருந்து எடுத்ததைக் கூட்டுப்புழுவிலும் இழக்காமல் இறக்கை வரை கொண்டுபோயிருக்கிறது. அப்படியானால் அதன் சொந்தப் பம்பு ஏன் நிற்கவில்லை?

1992-இல் ஜெர்மனியில் மிக்கேல் விங்கின் குழு அந்தப் பம்பின் சங்கிலியைப் படித்தது. 122-ஆம் இடத்தில் மற்றப் பூச்சிகளுக்கு அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் இருக்கும். மோனார்க்குக்கு அங்கே ஹிஸ்டிடின். (பாலூட்டியின் பம்பை வைத்து எண்ணுவது ஆய்வாளர்களின் வழக்கம், பூச்சிக்கும் அதே எண்தான்.) பின்னால் 111-ஆம் இடத்திலும் 119-ஆம் இடத்திலும் மாற்றங்கள் இருப்பது தெரியவந்தது. இந்த மூன்றும் பம்பின் வெளிப்புறத்தில், முதல் இரண்டு சுருள்களை இணைக்கும் ஒரு சிறு வளைவை ஒட்டி இருக்கின்றன. நஞ்சு நுழையும் இடுக்கின் வாய் அது. உள்ளே, அயனிகள் கடக்கிற ஆழத்தில், கை வைக்க வழியில்லை. வாயில் மட்டும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

கொஞ்சம்தான் இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சான்று இது: 2012-இல் சுசான் டோப்ளரும் சகாக்களும், அதே ஆண்டில் பீட்டர் ஆண்டோல்ஃபாட்டோவின் குழுவும், இந்த நஞ்சுள்ள செடிகளில் வாழும் பலவகைப் பூச்சிகளின் பம்பை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பட்டாம்பூச்சி, வண்டு, செடியின் விதையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி, இலைக்குள் சுரங்கம் போடும் ஈ. இவற்றின் பொது மூதாதை முப்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஒன்றுக்கொன்று கேட்டுச் செய்ததல்ல. ஆனாலும் நான்கிலும் 122-ஆம் இடத்தில் அதே அஸ்பரஜின் போய் அதே ஹிஸ்டிடின் வந்திருக்கிறது. எலியிடம் போனால் அங்கும் அந்த மூன்றில் இரு இடங்கள்: 111-இல் ஆர்ஜினின், 122-இல் அஸ்பார்டிக் அமிலம். இதய மருந்தை எலியில் சோதித்தவர்கள் எலி அசையாததைப் பார்த்து வியந்ததன் காரணம் இதுதான். 1988-இல் எல்மர் பிரைசும் ஜெரி லிங்கரெலும் செம்மறியாட்டின் பம்பில் இந்த இரண்டை மட்டும் எலிக்கு உள்ளதுபோல் மாற்றினார்கள். ஆட்டின் பம்பு எலியின் பம்புபோல நஞ்சுக்கு மசியாததாகிவிட்டது. ஆயிரத்தில் இரண்டு.

பரிணாமம் குருட்டாம்போக்கில் நடப்பது என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒற்றுமை ஒரு சங்கடத்தைத் தரும். திட்டமிட்ட கை ஒன்று இருப்பதாக நம்புகிறவர்களுக்கு உற்சாகத்தைத் தரும். இரண்டுமே தேவையில்லை என்பது என் எண்ணம். மாற்றங்கள் எங்கும் வருகின்றன. பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவற்றில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அடித்துப்போடுகிறது. எஞ்சுவது ஓரிரு இடம். எல்லாரும் அங்கேயே வந்து சேர்வதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆனால் அங்கும் வாசல் இலவசமாகத் திறப்பதில்லை. இதைக் காட்டிய சோதனை 2019-இல் வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நோவா வைட்மனின் குழு, பழ ஈயின் மரபணுவை கிரிஸ்பர் முறையில் திருத்தி, மோனார்க்கின் வம்சம் கடந்துவந்த படிகளை ஒவ்வொன்றாக அந்த ஈயில் எழுதிப் பார்த்தது. வாழைப்பழம் அழுகும் இடத்தில் மொய்க்கும் சிற்றீ அது. அதன் முன்னோர் மில்க்வீட் பக்கமே போனதில்லை. 122-ஆம் இடத்தை மட்டும் மாற்றிய ஈக்கள் நஞ்சைத் தாங்கின. ஆனால் அவற்றை வைத்திருந்த குப்பியை நன்றாகக் குலுக்கியதும் மல்லாந்து விழுந்தன, கால்கள் உதறின, எழுந்து நடக்க நேரம் பிடித்தது. சாதாரண ஈ குலுக்கலுக்குப் பின் உடனே எழுந்துவிடும். நஞ்சு நுழையாத வாசல் கிடைத்தது, அதே வாசல் நரம்பைக் கெடுத்தது. பறவையும் குளவியும் இருக்கும் உலகத்தில் அப்படிப்பட்ட ஈ எத்தனை நாள் பிழைக்கும்?

இங்கேதான் 119-ஆம் இடம் வருகிறது. அங்கே அலனின் போய் செரின் வந்தால் தனியாகப் பெரிய பயன் எதுவும் இல்லை. நஞ்சு முன்போலவே தாக்கும். ஆனால் 119 மாறியிருந்தால், 122-இன் மாற்றம் நரம்பில் உண்டாக்கும் கோளாறு அடங்கிவிடுகிறது. மோனார்க்கின் உறவினங்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது தெரிந்த வரிசையும் இதற்கு ஒத்துப்போகிறது. முதலில் 111-இல் குளூட்டமின் லூசினாகிறது, பிறகு 119, பிறகு 111-இல் இன்னொரு மாற்றமாக வேலின், கடைசியில்தான் 122. மிக அதிகமாகக் காப்பாற்றுகிற மாற்றம், மிக அதிகமாகக் கெடுக்கிற மாற்றமும் அதுவே என்பதால், கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கிறது. அதே ஆண்டில் ஆண்டோல்ஃபாட்டோவின் குழுவும் ஈக்களை வைத்தே 119 இவ்வாறு கோளாறைத் தணிப்பதைத் தனியாகக் கண்டது. பெர்க்லியில் மூன்று இட மாற்றங்களும் சேர்ந்த ஈக்கள் மோனார்க் அளவுக்கு நஞ்சைத் தாங்கின. அவை புழுவாகத் தின்ற நஞ்சில் ஒரு சிறு பகுதி, இறக்கை முளைத்த பிறகும் உடலில் தங்கியிருந்தது.

119-ஐப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எதிர்ப்பைப் பற்றிய எந்தச் செய்தியிலும் தலைப்பில் வருவது 122. 119 எதையும் எதிர்க்கவில்லை. வரப்போகும் கேட்டை முன்கூட்டியே சற்றுத் தணித்து வைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது வந்தபோது 122 வரும் என்று எதற்கும் தெரியாது. தற்செயலாக அங்கே இருந்தது. அது இருந்த வம்சத்தில் மட்டும் அடுத்த படி சாத்தியமாயிற்று. இதை வெற்றிக்கதையாக எழுதுகிறவர்கள் இந்தத் தற்செயலையும் காத்திருப்பையும் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் மிஞ்சுவது பொய்.

இன்னொரு வழியும் உண்டு. மில்க்வீட் விதைகளை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளிடம் பம்பின் மரபணு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாக இருக்கிறது. நஞ்சு முதலில் வந்து சேரும் குடலில் திருத்திய பிரதி அதிகம் வேலை செய்கிறது, மூளையில் பெரும்பாலும் பழைய பிரதி. நரம்புக்குக் கெடுதல் இல்லை, வயிற்றுக்குக் காப்பு. மோனார்க்கிடம் இருப்பது ஒரே பிரதி. ஆகவே அது தன் மூளையையும் சேர்த்தே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இவ்வளவு படித்தபின், செடியைத் தின்பதற்காகவே இந்தத் திருத்தம் என்றுதான் யாரும் முடிவுகட்டுவார்கள். அரளிச் செடி அதை மறுக்கிறது. தோட்டத்து அரளியில் பளபளவென்று கண்ணாடிபோல் தொங்கும் கூட்டுப்புழுவைப் பலர் பார்த்திருப்பார்கள். கரும்பழுப்பு இறக்கையின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் உள்ள பட்டாம்பூச்சி ஒன்றினுடையது அது. ஆங்கிலத்தில் காமன் க்ரோ என்பார்கள், மோனார்க்கின் தூரத்து உறவு. அதன் புழு அரளியைத் தின்கிறது, நன்றாக வளர்கிறது. ஆனால் அதன் பம்பில் எதிர்ப்பே இல்லை, நஞ்சு பட்டால் நின்றுவிடும் பம்பு அது. 2015-இல் கியோர்க் பெட்ஷென்காவும் அனுராக் அகர்வாலும் இதையும் மோனார்க்கையும் இடைப்பட்ட எதிர்ப்புள்ள இன்னொரு உறவையும் நஞ்சுள்ள செடிகளில் வளர்த்துப் பார்த்தார்கள். மூன்றுமே ஒன்றுபோல் வளர்ந்தன. வித்தியாசம் எங்கே என்றால், மோனார்க் நஞ்சை உடலில் சேமிக்கிறது, காமன் க்ரோ சேமிப்பதில்லை. குடலைத் தாண்டி உள்ளே விடாமல் வெளியேற்றிவிட்டால் பம்பைத் திருத்த வேண்டிய தேவையே இல்லை. நஞ்சைத் தன் ரத்தத்தில் சுமந்து தன் பகைவர்களுக்கு எதிராக வைத்துக்கொள்ள விரும்புகிற பிராணிதான் அந்த விலையைக் கொடுக்கிறது. இந்த ஒரு முடிவு என் மனத்தில் இருந்த சித்திரத்தையே மாற்றிப்போட்டது. பசிக்காக அல்ல, பாதுகாப்புக்காகத்தான் அந்த மாற்றம்.

கீரியையும் இங்கே ஒரு பத்தியில் சொல்லியாக வேண்டும், தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான். பாம்பு கடித்ததும் கீரி ஓடிப்போய் ஒரு மூலிகையைத் தின்றுவிட்டு வரும் என்பது பழைய நம்பிக்கை. கீரிப்பூண்டு என்ற பெயரே அதிலிருந்து வந்தது, லின்னேயஸ் அந்தச் செடிக்கு வைத்த அறிவியல் பெயரிலும் கீரி இருக்கிறது. 1992-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சாரா ஃபூக்ஸின் குழு கீரியின் தசையில் உள்ள அசிடைல்கோலின் ஏற்பியை ஆராய்ந்தது. நாகத்தின் நரம்பு நஞ்சு போய் உட்காரும் இடம் அது. அங்கே 187-ஆம் இடத்தில் வந்திருந்த அஸ்பரஜினில் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டிக்கொண்டு நஞ்சுக்கு வழிமறித்து நிற்கிறது. நாகத்தின் சொந்த ஏற்பியிலும் ஏறக்குறைய அதே இடத்தில் ஒரு சர்க்கரை இருக்கிறது, இல்லாவிட்டால் தன் நஞ்சே தன்னைக் கொன்றுவிடும். தேன்வளைக்கரடியும் முள்ளெலியும் பன்றியும் சர்க்கரைக்குப் பதிலாக அதே 187-இல் நேர்மின்னூட்டம் உள்ள ஆர்ஜினினை வைத்து நஞ்சைத் தள்ளுகின்றன. பம்பில் நடந்ததே இங்கும் நடந்திருக்கிறது. இடம் ஒன்று, வந்தடைந்தவர்கள் பலர்.

எல்லாவற்றையும் குறியைத் திருத்துவதாகவே எண்ணிவிடவும் கூடாது. கொலம்பியாவின் தங்கத் தவளை தன் தோலில் பட்ராகோடாக்ஸின் என்ற கடும் நஞ்சை வைத்திருக்கிறது. நரம்பில் சோடியத்தை உள்ளே விடும் அதன் வாயிலில் உள்ள ஒரு மாற்றம்தான் அதைக் காக்கிறது என்று முதலில் எழுதப்பட்டது. 2021-இல் வெளிவந்த ஆய்வு அந்த வாயில் நஞ்சுக்கு மசிகிறது என்றே காட்டியது. நஞ்சு வாயிலை அடைவதற்கு முன்பே அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் புரதங்கள் தவளையைக் காக்கின்றன என்பது இப்போதைய கருத்து.

மீண்டும் பம்புக்கு. நஞ்சைச் சுமக்கும் பிராணியைத் தின்பவை என்ன செய்கின்றன? மெக்ஸிகோவின் மலைக்காடுகளில் குளிர்காலம் கழிக்கும் மோனார்க் கூட்டங்களில் கருந்தலை குரோஸ்பீக் என்ற பறவை புகுந்து தின்றுதீர்க்கிறது. அதன் பம்பிலும் இந்தச் சிறு வளைவை ஒட்டி மாற்றங்கள் இருப்பதை வைட்மனும் சைமன் குரோயனும் 2021-இல் எழுதினார்கள். செடியிலிருந்து புழுவுக்கு, புழுவிலிருந்து பறவைக்கு, அதே நஞ்சு போகிற வழியெல்லாம் அதே இடத்தைத் திருத்திக்கொண்டு போகிறது.

தேரையைத் தின்பவற்றின் கதை இதைவிட ஆழமானது, துயரமானதும்கூட. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தேரைகள் எப்போதும் இருந்திருக்கின்றன. அங்குள்ள உடும்புகளின் பம்பில் திருத்தம் இருக்கிறது, தேரையைத் தின்னும் பல பாம்புகளிடமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இயற்கையாகத் தேரை இருந்ததில்லை. ஆசியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த உடும்பு வம்சம் தேரையே இல்லாத மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. பீயாட்டா உய்வாரியும் சகாக்களும் 2013-இல் காட்டியபடி, மரபணுவில் நான்கே எழுத்துகள் மாறி அந்த எதிர்ப்பு போய்விட்டது. பயன் இல்லாதபோது விலை மட்டும் மிச்சமிருக்கும். அதைச் சுமக்காத உடும்புகளே நன்றாகப் பிழைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1935-இல் கரும்பு வயல்களின் வண்டுகளை ஒழிப்பதற்காக ஹவாய் தீவிலிருந்து கரும்புத் தேரைகளைக் கொண்டுவந்து குயின்ஸ்லாந்தில் விட்டார்கள். வண்டுகள் ஒழியவில்லை, தேரைகள் பெருகின. மேற்கும் வடக்கும் பரவின. அவற்றை வழக்கமான இரைபோல் கவ்விய உடும்புகள் வாயில் தேரையோடு செத்துக் கிடந்தன. தேரைகள் வந்துசேர்ந்த சில இடங்களில் மஞ்சள்புள்ளி உடும்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன. வடக்குக் குவோல் என்ற, பூனையைவிடச் சிறிய புள்ளி போட்ட பைப்பாலூட்டி, பல இடங்களில் அடியோடு காணாமல் போயிற்று. அதே நிலத்தில் ஆசியாவிலிருந்து பின்னால் வந்து குடியேறிய நீரெலிக்கும் கீல்பேக் என்ற பாம்புக்கும் தேரை பெரிய பிரச்சினையாகவில்லை. முன்னோரிடமிருந்து வந்த திருத்தத்தை அவை இன்னும் தொலைக்கவில்லை.

யார் பலசாலி, யார் நோஞ்சான் என்ற கேள்விக்கு இங்கே பொருளே இல்லை. உடும்பு நல்ல வேட்டைப் பிராணி. அது தவறு எதையும் செய்யவில்லை. தேவைப்படாத ஒன்றை அதன் வம்சம் விட்டது, மனிதர்கள் ஒரு கப்பலில் அந்தத் தேவையை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கோடி ஆண்டுகளில் படிப்படியாக வரக்கூடியதை சில பத்து ஆண்டுகளில் வரவழைத்துக்கொள் என்று அந்தப் பிராணியிடம் கேட்பது அநியாயம்.

இப்போது மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில், குவோலின் பம்பில் அந்த மாற்றத்தை நாமே எழுதிவிடலாமா என்ற ஆய்வு நடக்கிறது. குவோலின் உறவான டனார்ட் என்ற சிறு பைப்பாலூட்டியின் உயிரணுக்களில் தொடங்கியிருக்கிறார்கள். எழுதுவது இன்று ஆகிற காரியம்தான், ஒரு சில எழுத்துகள்தானே. ஆனால் பெர்க்லியின் ஈக்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது எளிதாகத் தோன்றாது. ஒரே மாற்றம் வெவ்வேறு பிராணிகளின் பம்பில் வெவ்வேறு விலை கேட்கிறது என்பதை டோப்ளர், ஆண்டோல்ஃபாட்டோ குழுவினர் பல முதுகெலும்பிகளின் பம்புகளை ஒப்பிட்டே காட்டியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் உயிரணு பிழைப்பதும் காட்டில் குவோல் ஓடி, ஏறி, இனம் சேர்ந்து, குட்டி வளர்ப்பதும் ஒன்றல்ல. குவோலுக்கு ஒரு 119 தேவைப்படுமா, தேவைப்பட்டால் அது எங்கே என்பதைப் பார்க்காமல் ஒரு விலங்கையும் காட்டில் விடக்கூடாது.

அதற்குள் செய்வதற்கு வேறு வேலை இருக்கிறது, அது நடந்தும் வருகிறது. குமட்டல் தரும் மருந்து சேர்த்த தேரை இறைச்சியைக் குவோலுக்குக் கொடுத்து, அந்த வாடையையே வெறுக்கப் பழக்குகிறார்கள். தேரைக் கூட்டம் வந்துசேருமுன் சிறிய தேரைகளை விட்டு, உடும்புகள் அவற்றைத் தின்று நோய்ப்பட்டுப் பாடம் கற்கும்படி செய்கிறார்கள். சிறிய தேரையில் கொல்லும் அளவுக்கு நஞ்சு இல்லை. இவ்வாறு பழகிய விலங்குகள் பழகாதவற்றைவிட அதிகம் பிழைத்திருக்கின்றன. எந்தப் புரதத்தையும் தொடாத முறை இது, நரம்பை விலையாகக் கேட்காத முறை. பணமும் ஆட்களும் முதலில் இதற்குப் போக வேண்டும், மரபணுத் திருத்தம் பொறுமையாகப் பின்னால் வரட்டும்.